ரேஸ் நாளுக்கு மட்டும் ஓடுற ஒரு குட்டி ரயில் லைன்: நம்ம மதுரைக்கு இதுல எடுத்துக்க என்ன இருக்கு?

கூடல்நகர்_கேபின்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இன்னிக்கு உக்காந்து எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படிங்க.

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் இருக்குல்ல, அங்க பிளெமிங்டன்னு ஒரு குதிரை ரேஸ் மைதானம். அந்த மைதானத்துக்குன்னே தனியா ஒரு கிளை லைன் போட்டு வச்சிருக்காங்க. மெயின் லைன்ல நியூமார்க்கெட்னு ஒரு ஸ்டேஷன், அதைத் தாண்டினதும் பிரியுது, நடுவுல ஷோகிரவுண்ட்ஸ்னு ஒரே ஒரு ஸ்டேஷன், அடுத்து மைதானம், அத்தோட லைன் முடிஞ்சுது. மொத்தமே ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். தினசரி வண்டி கெடையாது. ரேஸ் நடக்குற நாளு, செப்டம்பர் கடைசியில ஆரம்பிக்கிற ராயல் மெல்போர்ன் ஷோ, இந்த மாதிரி கூட்டம் கூடுற நாளுக்கு மட்டும் வண்டி விடுவாங்க, மத்த நாள்ல தண்டவாளம் சும்மா கெடக்கும்.

இதைத் திறந்தது 1861 பிப்ரவரியில. மெல்போர்ன் கப்னு உலகமே பாக்குற பந்தயம் முதல் தடவை நடந்தது அதே வருஷம் நவம்பர்ல. அதாவது கப் வர்றதுக்கு முன்னாடியே ரயில் வந்துருச்சு! நம்ம மதுரைக்கு ரயில் வந்ததே 1875-லதான்னு நெனச்சுப் பாருங்க.

நான் கேக்குறது இதுதான். கூட்டம் கூடுற எடத்தோட வாசல் வரைக்கும் ரயிலைக் கொண்டு போற யோசனை நமக்கு ஏன் வரல? அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியில திறந்தாங்க, 66 ஏக்கர்ல பெருசா கட்டியிருக்காங்க, ஆனா போறதுக்கு ரோடு ஒண்ணுதான். சமயநல்லூர்ல இருந்து ஒரு கிளை லைன் பிரிச்சு விட்டா என்ன? பொங்கல் நேரத்துல அந்த ரோட்டுல போயிட்டு வந்தவங்களுக்குத் தெரியும் நான் ஏன் இப்படிக் கேக்குறேன்னு.

தல்லாகுளம்காரன்:
நம்ம ஊர்லயும் ரேஸ்கோர்ஸ் இருக்குல்லண்ணே, பேர் மட்டும் இன்னும் நிக்கிது. எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் இருக்குற எடத்தைத்தான் ஊரே ரேஸ்கோர்ஸ்னு சொல்லுது, ஓடுறது குதிரை இல்ல, பள்ளிக்கூடப் புள்ளைங்க. இப்ப ஹாக்கி மைதானமும் வந்துருச்சு, 2025-ல ஜூனியர் உலகக் கோப்பை மேட்ச் எல்லாம் அங்கதான் நடந்துச்சு. ஆனா ஆத்துக்கு வடக்க இருக்குற எங்களுக்கு ரயில் ஏறணும்னா பெரும்பாலும் ஜங்ஷனுக்குத்தான் வரணும். அந்த ஏக்கத்துலயே சொல்றேன், நீங்க சொல்ற மாதிரி ஒண்ணு வந்தா நான் முதல் ஆளா ஏறுவேன்.

சமயநல்லூர்_சைடிங்:
தம்பி, நான் ரயில்வேல டிராபிக் பக்கம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், அதனால ஆசையைத் தள்ளி வச்சுட்டுக் கணக்கைச் சொல்றேன். பிளெமிங்டன்ல 2003-ல கப் நாளுக்கு 1,22,000 பேருக்கு மேல வந்தாங்க. கீழக்கரை அரங்கத்துல உக்காந்து பாக்கக்கூடியது சில ஆயிரம் பேர். இந்த வித்தியாசத்தை விட்டுட்டு லைன் பத்திப் பேசவே முடியாது. அப்புறம் நிலம். சமயநல்லூருக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவுல பெரியாறு பாசனம், வாய்க்காலும் வயலும் தென்னந்தோப்பும்தான், அதுல மண் கொட்டி கரை எடுத்து லைன் போடணும்னா எத்தனை குடும்பத்து வயல் போகும்? வருஷத்துல எத்தனையோ நாள் சும்மா கெடக்கப்போற தண்டவாளத்துக்காக ஒரு சம்சாரிகிட்டப் போயி நிலத்தைக் குடுன்னு என்னால கேக்க முடியாது.

இன்னொண்ணு. பிளெமிங்டன் லைனைப் போட்டது அரசாங்கம் இல்ல, ஒரு தனியார் கம்பெனி. அந்தக் கம்பெனி மெயின் லைனையும் சேத்து நடத்த முடியாம 1864-லயே வண்டியை நிறுத்திருச்சு. 1867-ல அரசு வாங்கினதுக்கு அப்புறம்தான் அதுக்கு உயிர் வந்துச்சு. இதையும் சேத்துச் சொல்லணும்ல.

கூடல்நகர்_கேபின்:
சார், நீங்க சொல்ற கம்பெனி கதை சரிதான், ஆனா அதே கதையை இந்தப் பக்கம் இருந்தும் பாருங்க. 1861-ல முதல் கப் பாக்க வந்தது 4,000 பேர் கிட்டத்தான். ஆர்ச்சர்னு ஒரு குதிரை ஜெயிச்சுச்சு. அந்த 4,000 ஒரு லட்சமா வளர்ந்ததுல அந்த ரயிலுக்குப் பங்கே இல்லன்னு சொல்ல முடியுமா? லைன் இருந்ததால கூட்டம் வந்துச்சா, கூட்டம் வந்ததால லைன் பிழைச்சுச்சான்னா ரெண்டுமேதான்னு நான் நம்புறேன். நட்டத்துல நின்னதை அரசு எடுத்து நடத்துச்சுங்கிறதும் எனக்கு ஆதரவான பாயிண்ட்தான். கம்பெனிக்குக் கட்டுப்படியாகாதது ஊருக்குக் கட்டுப்படியாகும்.

நிலம் பத்தி நீங்க சொன்னதுக்கு மட்டும் என்கிட்ட உடனே பதில் இல்ல. அது பெரிய விஷயம்.

மெல்போர்ன்_மதுரைக்காரி:
இந்த இழையைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் சிம்மக்கல்லுல பொறந்து வளந்தவ, இப்ப கொஞ்ச வருஷமா மெல்போர்ன்ல இருக்கேன். அந்த வண்டியில போயிருக்கேன், அதனால நேர்ல பாத்ததைச் சொல்றேன்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமைதான் கப். அன்னிக்கு மெல்போர்னுக்கே லீவு, ஒரு குதிரைப் பந்தயத்துக்கு அரசு லீவு விடுறாங்கன்னா பாத்துக்கோங்க. ஓடுற தூரம் 3,200 மீட்டர், சில நிமிஷத்துல முடிஞ்சுரும், ஆனா ஊரே காலையில இருந்து கெளம்பிட்டே இருக்கும். பொம்பளைங்க எல்லாம் தலையில பெரிய தொப்பி, பூ வச்ச அலங்காரம், ஆம்பளைங்க கோட்டு சூட்டு, எல்லாரும் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல வந்து நிப்பாங்க. அங்க இருந்து நேரா மைதானத்துக்கு வண்டி, எங்கயும் மாறி ஏற வேண்டியதில்ல. ஒண்ணு போனா அடுத்தது, அது போனா அடுத்தது. டைம்டேபிளை யாரும் பாக்குறதே இல்ல, ஏன்னா பாக்கத் தேவையே இல்ல. இறங்கினா மைதானத்து கேட் பக்கத்துலயே இருக்கு. ஆட்டோ பிடிக்கணும், ஷேர் வேன் பிடிக்கணும், வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்ங்கிற கதையே கெடையாது. என் கூட வந்த வயசான அம்மா ஒருத்தங்க கைத்தடியோட வந்தாங்க, அவங்களுக்கும் எந்தச் சிரமமும் இல்ல.

ஆனா நான் அசந்தது போறப்ப இல்ல, திரும்பி வர்றப்ப. கடைசி ரேஸ் முடிஞ்சதும் அம்புட்டு கூட்டமும் ஒரே நேரத்துல ஸ்டேஷனுக்குத் திரும்பும். அங்க என்ன பண்றாங்கன்னா, பிளாட்பாரத்துக்குள்ள ஒரே அடியா ஆளை விடுறதில்ல. வெளியில அகலமான எடத்துலயே தடுப்பு கட்டி வரிசையில நிறுத்திடுறாங்க, ஒரு வண்டிக்கு எத்தனை பேரோ அத்தனை பேரை உள்ள விட்டு, அது கெளம்பினதும் அடுத்த கூட்டம். பிளாட்பாரத்துல தள்ளுமுள்ளு வர வாய்ப்பே இல்லாத மாதிரி முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்காங்க. அந்த வரிசையில நிக்கிறப்ப எனக்கு நெனப்பெல்லாம் சித்திரைத் திருவிழாதான்.

ஆண்டிபட்டி_கணவாய்:
அக்கா, ரேஸ் இல்லாத நாள்ல அந்த ஸ்டேஷனை என்ன பண்றாங்க? பூட்டிப் போட்டுருவாங்களா?

மெல்போர்ன்_மதுரைக்காரி:
வண்டி நிக்காது தம்பி, ஆனா லைனைப் பராமரிக்கிறாங்க. கரண்ட் கம்பி, சிக்னல் எல்லாம் மெயின் லைன் மாதிரியேதான் இருக்கும்.

பழைய_டைம்டேபிள்:
சும்மா கெடக்குற லைனுக்கும் ஒரு உபயோகம் இருந்திருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். மெல்போர்ன்ல மின்சார ரயில் கொண்டு வந்தப்ப முதல் சோதனை ஓட்டத்தை எங்க நடத்தினாங்க தெரியுமா? இதே நியூமார்க்கெட் டு பிளெமிங்டன் ரேஸ்கோர்ஸ் லைன்லதான், 1918 அக்டோபர்ல. தினசரி வண்டி இல்லாததால யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ஓட்டிப் பாக்க முடிஞ்சுது. அடுத்த வருஷம் 1919 மே மாசம் பயணிகளுக்கு மின்சார வண்டி விட்டாங்க. 1,500 வோல்ட் டி.சி., அதாவது நேர் மின்சாரம். அதே 1,500 வோல்ட் டி.சி. முறையிலதான் நம்ம மெட்ராஸ் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டியும் 1931-ல ஓட ஆரம்பிச்சுது, 25,000 வோல்ட்டுக்கு மாறினது எல்லாம் பின்னாடி. அந்த லைன்ல இருக்குற கிண்டி ஸ்டேஷன் பக்கத்துலதான் நம்ம மாநிலத்தோட பெரிய ரேஸ்கோர்ஸ்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஏலக்காய்_ரயில்:
எல்லாரும் கோவிச்சுக்காதீங்க, ஆனா எனக்கு இதைப் படிக்கப் படிக்க வயிறு எரியுது. நான் போடிக்காரன். எங்க லைன் 1928-ல வந்துச்சு. உலகப் போர் நேரத்துல தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்து அம்பதுகள்ல திரும்ப வாங்கினோம். 2010 கடைசியோட மீட்டர் கேஜ் வண்டி நின்னுச்சு, பிராட்கேஜ் ஆக்குறோம்னாங்க. தேனி வரைக்கும் வண்டி வந்தது 2022 மே, போடிக்கு வந்தது 2023 ஜூன். பன்னெண்டு வருஷம்! அந்த நேரத்துல பொறந்த புள்ளை ஆறாங்கிளாஸ் போயிருச்சு ரயிலையே பாக்காம. ரெண்டு மாவட்டத்து ஜனங்க தினமும் போற லைனுக்கே இந்தப் பாடு. வருஷத்துல நாலு நாள் கூட்டத்துக்கு லைன் போடணும்னு பேசுறப்ப எங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. முதல்ல இருக்குற லைன்ல வண்டி விடுங்க.

மேலமாசி_வீதி:
ஏலக்காய் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. நான் வேற ஒரு விஷயத்தைச் சொல்லணும். குதிரை ரேஸைப் பத்தி இவ்வளவு அழகா எழுதுறப்ப அதோட மறுபக்கத்தையும் எழுதிடுங்க. எங்க தாத்தாவோட தம்பி மெட்ராஸ்ல நல்ல வேலையில இருந்தவர். சனி ஞாயிறானா கிண்டி. கையில ரேஸ் புக், பென்சில், யாரோ குடுத்த டிப்ஸ். கடைசியில மனைவியோட தாலிக்கொடி வரைக்கும் போச்சு, மூணு புள்ளைங்களோட அந்தச் சின்னப்பாட்டி மதுரைக்கு எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. ஜாக்கெட் தச்சுத்தான் புள்ளைங்களைப் படிக்க வச்சாங்க. எங்க வீட்டுல இன்னிக்கும் குதிரைப் படம் போட்ட காலண்டர்கூட மாட்ட மாட்டோம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல, அதனாலதான் 1974-ல தமிழ்நாட்டுல குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே போட்டாங்க. 1996-ல சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் திறமையை வச்சு நடக்குற ஆட்டம், சூதாட்டம் இல்லன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. சட்டம் எப்படியோ போகட்டும், வீட்டுல அரிசி இல்லாதவளுக்கு அது சூதாட்டம்தான். 2024 செப்டம்பர்ல கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலம் 160 ஏக்கரோட குத்தகையை அரசு ரத்து பண்ணி சீல் வச்சப்ப எங்க அம்மா டிவி முன்னாடியே உக்காந்திருந்தாங்க.

ரயில் நல்லது. அது எங்க கொண்டு போய் விடுதுங்கிறதும் முக்கியம்.

கூடல்நகர்_கேபின்:
அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பந்தயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவே இல்ல, இனியும் மாட்டேன். என் அக்கறை எல்லாம் கூட்டத்தைப் பத்தி. ஒரே நாள்ல ஒரே எடத்துக்கு லட்சம் பேர் வர்றாங்கன்னா அவங்களைப் பத்திரமா கொண்டு போயி பத்திரமா திருப்பிக் கொண்டு வர்றது எப்படின்னு உலகத்துல நல்லா கத்துக்கிட்ட எடங்கள்ல ரேஸ்கோர்ஸ் லைனும் ஒண்ணு. அந்தப் பாடத்தை நம்ம சாமி கும்பிடப் போற ஜனங்களுக்கு எடுத்துக்கலாம்ல.

பழைய_டைம்டேபிள்:
அந்தப் பாடத்துல ஒரு எச்சரிக்கையும் இருக்கு, இங்கிலாந்துல எப்சம் கதையைச் சொல்றேன். டெர்பின்னு சொல்ற பந்தயம் 1780-ல இருந்து அங்கதான் நடக்குது. 1865-ல எப்சம் டவுன்ஸ்னு மைதானத்துக்காகவே ஒரு ஸ்டேஷன் கட்டினாங்க. ஒரு கிளை லைனோட கடைசி ஸ்டேஷன், அதுக்கு ஒன்பது பிளாட்பாரம்! டெர்பி நாளுக்கு லண்டன்ல இருந்து வர்ற ஸ்பெஷல் வண்டிகளை வரிசையா உள்ள வாங்கி நிறுத்தணும்ல. அப்புறம் 1901-ல இன்னொரு கம்பெனி வேற பக்கமா டாட்டன்ஹாம் கார்னர்னு மைதானத்துக்கு இன்னும் கிட்டக்க ஒரு ஸ்டேஷனைக் கொண்டு வந்துருச்சு. கூட்டம் பிரிஞ்சுது. பின்னாடி கார் வந்துச்சு, பஸ் வந்துச்சு. 1989-ல எப்சம் டவுன்ஸ் ஸ்டேஷனையே கொஞ்சம் பின்னாடி தள்ளி ஒரே ஒரு பிளாட்பாரமா சுருக்கிட்டாங்க, பழைய ஸ்டேஷன் இருந்த எடத்துல இப்ப வீடுகள். ஒன்பதுல இருந்து ஒண்ணு. ஆனா லைன் சாகல, ஏன்னா சுத்தி வீடுகள் வந்துருச்சு, தினமும் லண்டனுக்கு வேலைக்குப் போறவங்க அந்த லைனைக் காப்பாத்திட்டாங்க.

டாட்டன்ஹாம் கார்னர்ங்கிற பேரைச் சொன்னா இன்னொண்ணையும் சொல்லாம விட முடியாது. 1913 டெர்பியில பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின எமிலி டேவிசன் அந்த வளைவுலதான் ராஜாவோட குதிரை முன்னாடி போயி நின்னாங்க, அடிபட்டு நாலு நாள்ல இறந்துட்டாங்க. அவங்க கைப்பையில ரயில் ரிட்டர்ன் டிக்கெட்டோட மீதிப் பாதி இருந்துச்சு. சாகணும்னு வந்தவங்க திரும்பிப் போறதுக்கு டிக்கெட் வச்சிருப்பாங்களான்னு நூறு வருஷத்துக்கு மேல வரலாற்றுக்காரங்க விவாதம் பண்றாங்க. ஒரு ரேஸ் ஸ்பெஷல் டிக்கெட்டு இன்னிக்கு வரலாற்று ஆவணம்.

மேலமாசி_வீதி:
எமிலி டேவிசன் பேரு தெரியும், அந்த டிக்கெட் விஷயம் தெரியாது. எங்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு இதைச் சொல்லணும். நன்றி சார்.

வைகைக்கரை:
ஆஸ்திரேலியா இங்கிலாந்துன்னு போறீங்க, நம்ம வேளாங்கண்ணியை ஏன் யாரும் சொல்லல? நாகப்பட்டினத்துல இருந்து வேளாங்கண்ணிக்கு பத்து கிலோமீட்டர் கிளை லைன், 2010-ல திறந்தாங்க. கோயிலுக்காகவே போட்ட லைன். ஆகஸ்ட் 29-ல கொடியேத்தி செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா, ஸ்பெஷல் வண்டி எல்லாம் விடுறாங்க. குட்டி லைன், ஒரு எடம், ஒரு கூட்டம். நம்ம ஆளுங்க செஞ்சு காட்டியிருக்காங்க.

ஆண்டிபட்டி_கணவாய்:
பழனியும் இருக்கே. தைப்பூசத்துக்கு மதுரையில இருந்து பழனிக்கு அன்ரிசர்வ்ட் ஸ்பெஷல் விடுறாங்க, அதுல நிக்கக்கூட எடம் இருக்காது. ஜனங்க ரயில்ல வரத் தயார், வண்டிதான் வேணும்.

சமயநல்லூர்_சைடிங்:
இப்பத்தான் பேச்சு சரியான தண்டவாளத்துக்கு வந்திருக்கு. பிளெமிங்டன்ல வெற்றி எதுல இருக்குன்னு நான் சொல்றேன், கேளுங்க. தண்டவாளம் போட்டதுல பாதிதான் இருக்கு. மீதிப் பாதி அன்னிக்கு வண்டியை எப்படி நடத்துறாங்கங்கிறதுல. ரெண்டு முனையிலும் டிரைவர் கேபின் இருக்குற மின்சார வண்டி, அதனால என்ஜினைக் கழட்டி மாத்துற வேலை இல்ல. வந்த பிளாட்பாரத்துல இருந்தே திரும்பிக் கெளம்பும். மைதானத்து ஸ்டேஷன்ல ஒண்ணுக்கு மேல பிளாட்பாரம், அதனால ஒரு வண்டி ஆளை ஏத்திட்டு இருக்குறப்பவே அடுத்தது உள்ள வந்துரும். கூட்டத்தோட திசை முன்கூட்டியே தெரியும், காலையில எல்லாம் அங்கிட்டு, சாயங்காலம் எல்லாம் இங்கிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி காலி ரேக்கை, அதாவது ஆள் இல்லாத முழு வண்டியை, எங்க நிறுத்தி வைக்கணும்னு முதல் நாளே முடிவாயிருக்கும். இதுல எதுக்குமே புது லைன் தேவையில்ல, கவனிச்சீங்களா?

நம்ம கிட்டயும் அந்த மாதிரி ரெண்டு முனையிலும் கேபின் இருக்குற மின்சார வண்டி, மெமுன்னு சொல்றது, இருக்கு. எட்டுப் பெட்டி ரேக் ஒண்ணுல ரெண்டாயிரம் பேருக்கு மேல போவாங்க. பஸ்ஸுன்னா அறுபது பேர்னு வச்சாலும் முப்பத்து மூணு பஸ்ஸுக்கு மேல ஒரே நேரத்துல கெளம்பணும், அதுவும் திருவிழா நாள்ல கோரிப்பாளையத்தைத் தாண்டி!

அலங்காநல்லூரை விடுங்க. சித்திரைத் திருவிழாவை எடுங்க. அழகர் ஆத்துல இறங்குறது விடியக்காலை ஆறு மணி வாக்குல. முதல் நாள் எதிர்சேவைக்கே ஜனம் வந்து சேர ஆரம்பிச்சுரும், ராத்திரி பூரா ரோட்டுலயும் ஆத்தங்கரையிலயும்தான் தூக்கம். காலையில சாமி பாத்து முடிச்சதும் எட்டு ஒன்பது மணிக்குள்ள அம்புட்டு பேரும் ஒண்ணா ஊருக்குத் திரும்புவாங்க. மெல்போர்ன் தங்கச்சி சொன்ன கடைசி ரேஸ் முடிஞ்ச நேரம் மாதிரியேதான் அது, ஒரு வித்தியாசமும் இல்ல. திண்டுக்கல், போடி, மானாமதுரை, விருதுநகர்னு நாலு பக்கத்துக்கும் லைன் ஏற்கனவே கெடக்கு. புதுசா ஒரு அடி நிலம் யார்கிட்டயும் வாங்க வேணாம்.

தல்லாகுளம்காரன்:
சார் இது ரொம்ப முக்கியம். 2022-ல அழகர் இறங்கினப்ப நெரிசல்ல ரெண்டு பேர் செத்துப் போனாங்க. அன்னிக்கு நான் ஆத்தங்கரையிலதான் இருந்தேன், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சே தவிர எங்கிட்டு இருந்து வருதுன்னு தெரியல, வழி விடக்கூட எடம் இல்ல. ஊருக்குள்ள வண்டி வாகனம் எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்கு ஜனம் நிக்க எடம் கெடைக்கும், ஆம்புலன்ஸ் போக வழி கெடைக்கும். ரயில் அதுக்கு உதவும்னா நான் வீடு வீடா போயி கையெழுத்து வாங்கித் தரேன்.

ஏலக்காய்_ரயில்:
சைடிங் சார், இதை நான் முழு மனசோட ஒத்துக்கிறேன். எங்க பாசஞ்சர் வண்டி எப்படி ஓடுதுன்னு பாருங்க, காலையில மதுரையில இருந்து கெளம்பி போடிக்கு வரும், சாயங்காலம் போடியில இருந்து மதுரைக்குத் திரும்பும். எங்க ஊர்க்காரன் காலையில மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ போகணும்னா அந்த வண்டி உதவாது. திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்கால வண்டியில வந்துரலாம், சரி, ஆனா காலையில சாமி பாத்துட்டுத் திரும்பணும்னா அந்த ஒரே வண்டியில அம்புட்டு பேரும் எப்படி ஏற முடியும்? ராத்திரி பத்து மணிக்கு மேல போடியில இருந்து ஒண்ணு, நடு ராத்திரி தேனியில இருந்து ஒண்ணு, திரும்புறதுக்கு காலையில எட்டரை, பத்து, பதினொண்ணரைன்னு மூணு. ஒத்தை லைன்தான், எதிர் வண்டிக்கு வழியில ஒதுங்கி நின்னு போகணும், அதுக்குத் தகுந்த மாதிரி நேரம் போடலாம். உசிலம்பட்டி, வடபழஞ்சி ஜனமும் ஏறிக்கும்.

கூடல்நகர்_கேபின்:
எனக்கு இப்ப தெளிவாயிருச்சு. கிளை லைன் ஆசை என் மனசுல இருக்கட்டும், அதை நான் விடல, அலங்காநல்லூர் சர்க்கரை ஆலை திரும்ப அரவையை ஆரம்பிச்சு சரக்கும் சேந்து வந்தா அன்னிக்கு அதைப் பத்திப் பேசுவோம். இப்போதைக்குக் கேக்க வேண்டியது திருவிழா வண்டி. எங்க ஏரியாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2023 தொடக்கத்துல மதுரை யார்டுல இரட்டை லைன் வேலை நடந்தப்ப நெறைய வண்டியைக் கூடல்நகரோட நிறுத்தி அங்கயிருந்தே விட்டாங்க. பயணிகள் சிரமப்பட்டாங்க, உண்மைதான், ஏன்னா பஸ் சரியா வரல, லைட்டும் நிழலும் பத்தல. ஆனா வண்டியைக் கையாள முடியும்னு நிரூபணம் ஆச்சு. சித்திரைக்குத் திண்டுக்கல் பக்கத்து வண்டியெல்லாம் கூடல்நகர்ல நின்னு திரும்பட்டும், ஜங்ஷனை மத்த மூணு பக்கத்துக்கும் விட்டுரலாம். செல்லூர் வழியா ஆத்துக்கு நடந்தே வந்துருவாங்க நம்ம ஜனங்க.

மெல்போர்ன்_மதுரைக்காரி:
அண்ணே, ஸ்டேஷனுக்கு வெளியில வரிசை கட்டுறதை மட்டும் விட்டுறாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். வண்டி நெறைய விட்டாலும் பிளாட்பாரத்துலயும் மேம்பாலப் படியிலயும் ஆள் குமிஞ்சா ஆபத்து அங்கதான். ஜங்ஷன் முன்னாடி இருக்குற எடத்துல திசைக்கு ஒரு தடுப்பு, போடி வண்டிக்கு ஒரு வரிசை, மானாமதுரைக்கு ஒரு வரிசைன்னு பெரிய எழுத்துல தமிழ்ல போர்டு, மைக்ல அறிவிப்பு. குழந்தை வச்சிருக்கவங்களுக்கும் வயசானவங்களுக்கும் தனி வழி. டிக்கெட்டை முன்னாடியே எடுத்து வச்சுக்கச் சொல்லணும், திரும்புற டிக்கெட்டையும் சேத்துக் குடுத்துட்டா கவுண்டர்ல கூட்டமே இருக்காது. குடிக்கத் தண்ணி வேணும், அங்க நவம்பர் வெயிலுக்கே ஆள் மயங்கி விழுவாங்க, நம்ம சித்திரை வெயிலுக்குக் கேக்கவே வேணாம்.

வைகைக்கரை:
போன்ல டிக்கெட் எடுக்குற ஆப் எல்லார்கிட்டயும் இருக்காதும்மா, ஆத்துக்கு வர்ற கிராமத்து ஜனத்துக்குப் பட்டன் போன்தான். கொடியேத்துற நாள்ல இருந்தே உசிலம்பட்டி, மானாமதுரை, திருமங்கலம் ஸ்டேஷன் கவுண்டர்ல திருவிழா டிக்கெட்டுன்னு தனியா குடுக்கச் சொல்லிக் கேக்கணும்.

மேலமாசி_வீதி:
மனு எழுதுற வேலையை என்கிட்ட குடுங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நானே எழுதுறேன், ஒரு பக்கத்துக்கு மேல போகாம. சைடிங் சார், வண்டி நேரத்தை மட்டும் நீங்க அட்டவணையாப் போட்டுக் குடுங்க, நம்ம இஷ்டத்துக்கு எழுதினா ஆபீஸ்ல ஒரு ஓரமா வச்சுருவாங்க.

சமயநல்லூர்_சைடிங்:
போட்டுத் தரேன்மா. ரெகுலர் எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு எடைஞ்சல் இல்லாம எந்த நேரத்துல பாதை காலியா இருக்கும்னு பாத்து நாலு திசைக்கும் எழுதுறேன். காலி ரேக்கை ராத்திரி எங்க நிறுத்தலாம்னும் சேத்து எழுதணும், டிவிஷன்ல முதல் கேள்வியே அதுதான் வரும். மானாமதுரை ஒண்ணு, விருதுநகர் ஒண்ணு, கூடல்நகர்ல ரெண்டுன்னு வச்சிருக்கேன். கூடல்நகர் தம்பி, உங்க ஸ்டேஷன் லூப் லைன் (வண்டி ஒதுங்கி நிக்கிற பக்கத் தண்டவாளம்) எத்தனை பெட்டி கொள்ளும், பிளாட்பாரம் எத்தனை பெட்டிக்கு இருக்குன்னு நேர்ல போயி பாத்து ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. பிளாட்பாரம் குட்டையா இருந்தா பின்னாடி பெட்டிக்காரங்க ஜல்லியில இறங்க வேண்டி வரும், திருவிழாக் கூட்டத்துல அது கூடவே கூடாது.

கூடல்நகர்_கேபின்:
நாளைக்குக் காலையிலயே போறேன் சார். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு, டிக்கெட் எடுத்துட்டே உள்ள போறேன். லைட் எத்தனை எரியுது, குழாய்ல தண்ணி வருதா, செல்லூர் பக்கம் வெளிய வர்ற வழி எவ்வளவு அகலம், எல்லாத்தையும் எழுதிட்டு வந்து இங்க போடுறேன்.

ஏலக்காய்_ரயில்:
போடி, தேனி ரெண்டு ஸ்டேஷனும் என் பொறுப்பு. ஆண்டிபட்டியைக் கணவாய் தம்பி பாத்துக்கட்டும்.

ஆண்டிபட்டி_கணவாய்:
பாத்துடுறேன்ணே. எங்க ஸ்டேஷன்ல ராத்திரி நேரத்துக்கு ஆட்டோ ஸ்டாண்டுல பேசி வைக்கணும், அதையும் கேட்டுட்டு வரேன்.